மடிப்புக் கலையாத வீடு

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது இஸ்திரிப் பெட்டி என் கையில், முழுச் சூட்டில் இருந்தது. மேல்வீட்டு நர்ஸ் அக்காவின் வெள்ளைக் கோட்டில் காலரை முடித்துவிட்டு இடது கைக்கு வந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்று போனில் சொன்ன அதிகாரி, காலையில் காப்பித் தம்ளரைக் கழுவுகிற நேரத்துக்கே வந்து நிற்பார் என்று யார் கண்டது? வேறு யாராவது இருக்கும் என்று ஒரு நொடி என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். "கரண்ட் பில் உதவிக்கு எழுதிப் போட்டிருந்தீங்களே, அதுக்கு வந்திருக்கேன்" என்று வெளியிலிருந்து குரல் வந்ததும் அந்த நொடியும் போய்விட்டது.

பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியை எங்கே ஒளிப்பது? எங்கள் வீடு என்பதே ஓர் அறைதான். சமையல் மேடை வாசலில் நின்றாலே தெரியும், அலமாரிக்குக் கதவு கிடையாது. இருக்கிற ஒரே மறைவு கட்டிலுக்கு அடியில். ஒரு பழைய தட்டை உள்ளே தள்ளி அதன்மேல் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அக்காவின் கோட்டைச் சுருட்டிப் பக்கத்திலேயே திணித்தேன். படுக்கை விரிப்பைத் தரைவரைக்கும் இழுத்துவிட்டேன். கட்டிலில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த என் வீட்டுக்காரர் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டு மெல்ல வாயைத் திறந்தார்.

"ஏய், மெஷின் பக்கத்துல சூடா எதுவும் வைக்கக் கூடாதுன்னு... அந்த ஆஸ்பத்திரிப் பையன் மாட்டும்போதே..."

"பத்து நிமிஷத்துல போயிடுவாரு. நீங்க வாயைத் திறக்காம இருந்தா அஞ்சே நிமிஷம்தான்."

அவரிடம் போய் இதைச் சொல்வது ஆற்றைப் பார்த்து நில் என்று சொல்வது மாதிரி. வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் அவருக்கு ரேடியோ என்று பேர். காலையில் உள்ளே நுழைந்தால் சாயங்காலம் வரைக்கும் ஓயாது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று முதலாளி சொன்னபோதும், துணி கட்டினால் பேச்சு கேட்காது என்று கழற்றிப் போட்ட ஆள். பேச்சுக்குப் பேச்சு உள்ளே இழுத்த பெயின்ட் இப்போது நுரையீரலில் உட்கார்ந்திருக்கிறது. இன்னமும் பேசுகிறார்தான், ஆனால் தவணை முறையில். மூன்று வார்த்தை, ஒரு மூச்சு, மறுபடி மூன்று வார்த்தை. கல்யாணமான புதிதில் இந்த மனுஷன் கொஞ்சம் வாயை மூட மாட்டாரா என்று நான் ஏங்கியது உண்டு. இப்போது அந்தப் பழைய ரேடியோவை யாராவது ஒரு நாளைக்குத் திருப்பிக் கொடுத்தால் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற அந்த மெஷினை ஆஸ்பத்திரியில் இரவலாகத்தான் தந்தார்கள். மெஷின் சும்மா வந்தது, அது தின்கிற கரண்ட் சும்மா வரவில்லை. பில் கட்ட முடியாமல் பாக்கி ஏறி, நாளை மறுநாள் ஃபியூஸைப் பிடுங்கப்போவதாகக் கடைசி அறிவிப்பும் வந்துவிட்டது. நர்ஸ் அக்காதான் இந்த உதவியைப் பற்றிச் சொன்னார். வீட்டில் மெஷின் வைத்த நோயாளி இருந்தால் பாக்கியை அந்த உதவி ஆபீஸிலேயே கட்டிவிடுவார்கள், ஃபியூஸ் மேல் யாரும் கை வைக்க முடியாது. சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்: "ஆனா ஒண்ணு. நீ வீட்டுல துணி தேய்ச்சுக் குடுக்கிறது தெரிஞ்சா தொழில்னு சொல்லி மொத்தத்தையும் தள்ளிடுவாங்க. வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் குடுப்பாங்க. வந்து பார்க்கிற அன்னைக்கு ஒரு துணிகூடக் கண்ணுல படக் கூடாது."

அதனால் இந்தத் தெருவின் சட்டை, பேன்ட், புடவை எல்லாம் முந்தின நாளே மூட்டை மூட்டையாக அக்கா வீட்டுக்கு ஏறிவிட்டன. தேய்க்கிற மேஜையைச் சுவரோரம் தள்ளி, மேலே விரிப்பைப் போட்டு, மருந்து பாட்டில்களை அடுக்கினேன். அப்புறமும் கை சும்மா இருக்கவில்லை. எனக்குப் பதற்றம் வந்தால் ஏதாவது ஒன்றைத் தேய்த்தாக வேண்டும். சிலருக்கு நகம் கடிக்கிற பழக்கம் இருக்கிறதல்லவா, அது போல. வருகிறவர் பெரிய அதிகாரி, வீடு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்று ஜன்னல் திரையைத் தேய்த்தேன். பிறகு படுக்கை விரிப்பு, தலையணை உறைகள், அவருடைய கைலி, துண்டு. கையில் அகப்பட்டதையெல்லாம் தேய்த்து நாலாக மடித்து அடுக்கி வைத்த பிறகுதான் மனசு கொஞ்சம் அடங்கியது. சாயங்கால டியூட்டிக்கு வேண்டும் என்று அக்கா காலையில் கொடுத்த கோட்டு ஒன்றுதான் பாக்கி.

கதவைத் திறந்தேன். ஐம்பதைத் தொட்டவர், தோளில் பை, கையில் அட்டை. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. சட்டையின் முதுகுப் பக்கம் பஸ் சீட்டில் சாய்ந்து சாய்ந்து கசங்கிக் கிடந்தது. அந்த நிலைமையிலும் அதைப் பார்த்து என் கை துறுதுறுத்தது என்றால், என்னை என்ன செய்வது?

"மன்னிச்சுக்கம்மா, முன்னாடியே வந்துட்டேன். பக்கத்துத் தெருவுல ஒரு வீடு, பூட்டியிருந்துச்சு."

"பரவாயில்ல சார், வாங்க, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. வாசலுக்கு மேலே இருந்த மீட்டரைத்தான் முதலில் பார்த்தார். மேலே படிந்திருந்த தூசியைக் கையாலேயே துடைத்து எண்களைக் குறித்துக்கொண்டார். உள்ளங்கை கருப்பாகிவிட்டது. "பழைய துணி ஏதாவது இருந்தா குடும்மா" என்றார். தரை துடைக்கிற துணியை எடுத்து நீட்டினேன். வாங்கியவர் உடனே துடைத்துக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிரித்தார், துடைத்தார், பிறகு அதே மடிப்பில் திரும்ப மடித்து மேஜை ஓரத்தில் வைத்தார். நல்ல மனுஷன், ஒழுங்கானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் என் வீட்டுக்காரர், வந்தவருக்கு மரியாதை கொடுக்கிறேன் பேர்வழி என்று கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அந்தக் கட்டிலில் ஓர் ஆள் அசைந்தால் நாலு காலும் ஆடும். அடியில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. மெஷின் சத்தத்தில் அது மற்றவர்கள் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. பெட்டி சாய்ந்துவிட்டது. தட்டுக்கு உள்ளேயே சாய்ந்ததா, கோட்டின் மேல் சாய்ந்ததா? குனிந்து பார்க்க முடியாது. பிளக் பிடுங்கிய பெட்டிதானே, ஆறிவிடும், ஆறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பழைய காலத்துக் கனமான பெட்டி, லேசில் ஆறாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

"இந்த மெஷின் எந்நேரமும் ஓடுதாம்மா?"

"ஆமா சார். ராத்திரி பகல் நிறுத்துறதே இல்ல. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்காரு. அதனாலதான் பில்லு இப்படி ஏறிப்போச்சு."

பொய் சொல்கிறேன் என்ற உறுத்தலே இல்லாமல் சொன்னேன், ஏனென்றால் அந்த வார்த்தைகளில் பொய் இல்லை. இஸ்திரிப் பெட்டியைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். அவர் தலையாட்டிக்கொண்டே மெஷினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த இடத்தில் இருந்து விரிப்பின் ஓரம் ஒரு முழம்கூட இல்லை. மெஷினின் பக்கவாட்டில், தினமும் நான் தூசி துடைக்கிற ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்த எண்களை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுமா?"

"மெஷினோட நம்பர் இல்லையா சார்?"

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுறது. இதே மெஷின் நிறைய வீடுகள்ல பாத்திருக்கேன்." ஆஸ்பத்திரிக்காரர்கள் தேதி எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் போட்டார். "எந்நேரமும் ஓடியிருந்தா இந்த நம்பர் இதைவிட ரொம்ப மேல இருக்கணும்மா. பாதி நேரம்தான் ஓடியிருக்கு."

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும் சார்" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அக்கறையாக யாரும் மின்விசிறியைப் பார்த்து நான் பார்த்ததில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கிச் செலவழித்துவிட்டு வீட்டுக்கு வருகிற நாளில் இருக்கும் முகம்.

"நிறுத்தினீங்களா?"

அவர் கண் மின்விசிறியை விட்டு இறங்கவில்லை.

"ஏங்க, உங்களைத்தான் கேக்கிறேன். மெஷினை நிறுத்தினீங்களா?"

"நீ வெளிய போற நேரத்துல... மட்டும்தான். சும்மா படுத்திருக்கிறவனுக்கு... எதுக்கு அவ்ளோ காத்து?"

"வெளிய போற நேரத்துல நிறுத்தினா பாதியா குறையும்?"

"நீ தூங்கினப்புறம்... கொஞ்சம். நாள் பூரா நின்னு நின்னு... அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவே. சத்தம் நின்னாலும்... உனக்குத் தெரியாது."

பில் மறந்துபோனது, அதிகாரி மறந்துபோனார். ஒவ்வொரு நாள் காலையிலும் அவருடைய உதடு லேசாக நீலம் பூத்திருந்ததையும், 'ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?' என்று நான் கேட்டதையும், 'ராஜா மாதிரி' என்று அவர் சொன்னதையும் நினைத்துப் பார்த்தேன். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய பிறகு இந்த மனுஷன் கை நீட்டி சுவிட்சை அணைத்துவிட்டு, நான் திரும்பி வருகிற காலடிச் சத்தம் கேட்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுக்கு மல்லாடியிருக்கிறார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதைச் செய்வதற்கும் நடுவில் ஒரு அந்நியர் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டும் ஓடினா... பில்லு தாங்குமா? இது நின்னா... நான் கொஞ்சம் கஷ்டப்படுவேன்... அவ்ளோதான். உன்னோட அந்தப்..." என்று ஆரம்பித்த ரேடியோ, சட்டென்று அதிகாரியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தைத் தானாகவே முடிக்காமல் விட்டது.

அதிகாரி எழுந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் அட்டையில் இருந்த காகிதத்தைப் புரட்டினார். "சரிம்மா. மெஷின், ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு. வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். கேட்ட விதமே, பதிலையும் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது போல இருந்தது.

"இல்ல சார்."

எழுதினார். பேனாவை மூடினார். பையைத் தோளில் மாட்டினார். வாசலுக்கு நாலு எட்டுதான். உயிர் போய் உயிர் வந்தது என்று நான் நினைத்த அதே நேரத்தில் அந்த வாசனை வந்தது.

இத்தனை வருஷத்தில் அந்த வாசனைக்கு என் மூக்கு பழகிவிட்டது. புகை வருவதற்கு முன்னால், துணி நிறம் மாறுவதற்கும் முன்னால், பால் அடிப்பிடிப்பது போல மெல்லிசாக வரும். வேறு யாருக்கும் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் போதும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது, பாக்கி போய்விடும், ஃபியூஸ் தப்பிக்கும். பொறுத்துக்கொள்ளலாமா? கட்டிலுக்கு மேலே என் வீட்டுக்காரர் மூக்கில் குழாய், குழாயில் ஆக்சிஜன், கீழே கருகுகிற துணி. ஒரு பொறி போதும், ஆக்சிஜன் இருந்தால் நெருப்புக்குக் கொண்டாட்டம் என்று மெஷினை மாட்டிய பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு இப்போது காதில் கேட்டது.

"டியூபைக் கழட்டுங்க! எந்திரிங்க, எந்திரிங்க!"

கத்திக்கொண்டே மெஷினை அணைத்தேன். மண்டியிட்டு விரிப்பை ஒதுக்கிக் கையை உள்ளே விட்டேன். எங்கே தொட்டேனோ, விரல் நுனிகள் சுரீரென்றன. விடாமல் பிடித்து இழுத்து எடுத்தேன். பெட்டியோடு கோட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் பிரித்தபோது மெல்லிய புகை கிளம்பியது. அதிகாரி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து ஜன்னலைத் திறந்தார். என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். மெஷினையும் அவரே அறையின் அந்தக் கோடிக்கு உருட்டிக்கொண்டு போய் மாட்டி, குழாயை மூக்கில் சரிசெய்தார். புகை அடங்கியது. மெஷின் மறுபடி முனக ஆரம்பித்தது. அறை நடுவில் நான் கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றேன்.

"வேற ஒண்ணும் இல்லையான்னு கேட்டீங்களே சார்" என்றேன். "இருக்கு. மீதிக் கரண்டெல்லாம் இதுக்குத்தான் போகுது. இதுலதான் நாங்க சாப்பிடுறோம்."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா."

"தெரியுமா?"

"கை துடைக்கத் துணி குடுத்தீங்களே, அதை வாங்கினப்பவே தெரியும். தரை துடைக்கிற துணிக்கு யாரும்மா இஸ்திரி போடுவாங்க? அதுவும் ஓரம் பிசகாம?"

மேஜை ஓரத்தில் இருந்த அந்தத் துணியைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன், தலையணை உறையைப் பார்த்தேன், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருடைய கைலியில் கத்தி மாதிரி நின்ற மடிப்பைப் பார்த்தேன். தெருத் துணியையெல்லாம் ஒளித்துவிட்டு வீட்டையே விளம்பரப் பலகையாக்கி வைத்திருக்கிறேன். நாற்காலியில் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பி இருமலாக மாறியது.

"அவளுக்குச் சுருக்கம் கண்டா... ஆகாது சார். நல்லவேளை... என் மூஞ்சியை விட்டு வச்சா."

அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "தெரிஞ்சது வேறம்மா, பார்த்தது வேற" என்றார். "தெரிஞ்சதை நான் எழுத வேண்டியதில்ல. பார்த்ததை எழுதணும். இப்பப் பார்த்துட்டேனே."

இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயிலேயே இந்தப் பெட்டியை வைத்திருப்பேன். ஆனாலும் அழுகை முட்டியது. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, என் விரலைத் தண்ணீர்க் குழாயில் காட்டச் சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அட்டையில் வேறு எதையும் எழுதவில்லை, எழுதியதை அடிக்கவும் இல்லை. படிவரைக்கும் பின்னாலேயே போனேன்.

"சார், என்ன எழுதப் போறீங்க?"

"ஆபீஸுக்கு ரெண்டு பஸ் மாறணும்மா" என்றார் திரும்பிப் பார்க்காமல். "யோசிச்சுக்கிட்டே போறேன்." நாலு படி இறங்கியவர் நின்றார். "அந்த மெஷினை மட்டும் நிறுத்த விடாதீங்க."

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம் நான் திட்டிய திட்டை எழுதினால் அச்சில் ஏறாது. என் வீட்டுக்காரரும் பதிலுக்கு, அதிகாரியிடம் நீ மறைத்தாய், உன்னிடம் நான் மறைத்தேன், இரண்டுக்கும் சரியாப்போச்சு என்று தவணை தவணையாக நியாயம் பேசினார். சரியாகிவிடவில்லை என்றேன். நீங்கள் இல்லாத வீட்டில் யாருக்காக நான் துணி தேய்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டார். பிறகு, "சரி, இனிமே நிறுத்தல" என்றார். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். கை பஞ்சு மாதிரி இருந்தது.

சாயங்காலம் துணிகளைக் கொடுத்தே ஆக வேண்டும். ஃபியூஸ் இருந்தாலும் போனாலும் ராத்திரி அடுப்பில் ஏதாவது ஏற வேண்டுமே. மேலே போய், பெட்டியின் உருவம் பழுப்பாகப் பதிந்த கோட்டை நர்ஸ் அக்காவிடம் நீட்டினேன். அவர் கோட்டைப் பார்க்கவில்லை, சுட்ட விரல்களைத்தான் பார்த்தார். வேறு கோட்டு இருக்கிறது என்றார். மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கும்போது எங்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். "போயிட்டு வா, ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்றார், குழாயைத் தொட்டுக் காட்டி. கதவைச் சாத்திவிட்டுப் படியில் கால் வைத்தேன்.

முதல் படியில் மெஷின் சத்தம் நன்றாகவே கேட்டது. திருப்பத்திலும் கேட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும். இறங்கிவிட்டால் எதுவும் கேட்காது. ஒவ்வொரு படியாக, காதை மேலே வைத்துவிட்டுக் காலை மட்டும் இறக்கினேன். சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. சத்தம் எட்டுகிற கடைசிப் படி எது என்று இத்தனை நாளாக எனக்குத் தெரியாது, இன்றைக்குத் தெரிந்தது. அதில் நின்றேன். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி வந்து, வாசலை அடைத்துக்கொண்டு, மெஷின் சத்தத்தை அமுக்கிவிட்டு, மெதுவாக நகர்ந்தது. அது கடந்து போகட்டும் என்று, மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த படிக்குத் தூக்கிய காலை இறக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.